என் மனைவி நின்ற தேர்தல்

நெடுஞ்சாலை ஓரத்துப் பால்பண்ணை வேலிகளில் என் மனைவியின் முகத்தை முதன்முதலாகக் கண்ட காலை, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வேலியில் அல்ல, வழி நெடுகிலும். மாடுகள் மேயும் காணிகளுக்கு முன்னால் கம்பியில் கட்டிய பிளாஸ்டிக் அட்டைகள். அதில் அவள் முகம், கீழே பெரிய எழுத்தில் பெயர், அதற்கும் கீழே ‘சுயேச்சை’ என்று ஒரு சொல். அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கண்டு கனகாலம். இவ்வளவு நாளும் இதை எங்கே வைத்திருந்தாள், யாருக்கென்று வைத்திருந்தாள் என்று யோசித்துக்கொண்டே ஓட்டியதில் மின்நிலையத்துக்குத் திரும்பும் சந்தியைத் தவறவிட்டேன்.

எனக்குப் பொறாமை. அதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்பதற்காகவும் இதை எழுதவில்லை. பொறாமைப்பட எனக்குக் காரணங்கள் இருந்தன, அவற்றில் சிலவாவது நியாயமானவை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

எங்கள் ஊர் மெல்பேர்ணிலிருந்து கிழக்கே இரண்டு மணிநேர ஓட்டத்தில், ஒரு பள்ளத்தாக்கில். பழுப்பு நிலக்கரி தோண்டும் பெரிய கிடங்கு, அதன் கரையில் மின்நிலையம், அதைச் சுற்றி வீடுகள், அதற்கு அப்பால் மாடுகள். முன்பு மரஆலையும் இருந்தது. அதை மூடிவிட்டார்கள். மெல்பேர்ண் கிளேட்டனில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த கையோடு எனக்கு மின்நிலையத்தில் கொதிகலன் பகுதியில் வேலை கிடைத்தது. கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தோம். மனைவி மருந்தாளர். பிரதான வீதியில் இருக்கும் மருந்துக்கடையில் அவளுக்கும் வேலை கிடைத்தது. கறிவேப்பிலைக்கும் குரக்கன் மாவுக்கும் மெல்பேர்ண் பக்கம் ஸ்பிரிங்வேல் கடைகளுக்கு ஓடுவதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாத வாழ்க்கை.

பிறகு மின்நிலையத்தையும் மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். பல வருடமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த கதைதான், ஆனாலும் அறிவிப்பு வந்ததும் ஊரின் முகமே மாறிவிட்டது. காற்பந்துக் கழக மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். கேட்பதற்கு ஒரு கேள்வியை ஒரு கிழமையாக மனதுக்குள் உருட்டி வைத்திருந்தேன். கொதிகலனைப்பற்றி அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் என்னைவிடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. கையை உயர்த்தினேன். கையை உயர்த்தியபடியே இருந்தேன். ஒலிவாங்கியோடு திரிந்த பெண் என்னைத் தாண்டிப் போய், எனக்குப் பக்கத்தில் இருந்த என் மனைவியிடம் அதைக் கொடுத்தாள்.

அவள் கை உயர்த்தியதை நான் கவனிக்கவே இல்லை. எழும்பி நின்று கதைத்தாள். அறிவிப்புக்குப் பிறகு மருந்துக்கடைக்கு நித்திரைக் குளிசை கேட்டு வருகிறவர்கள் எப்படிக் கூடிவிட்டார்கள் என்று சொன்னாள். முன்பு வந்து மாட்டுக் காய்ச்சலையும் மழையையும் பற்றிக் கதைத்த ஆம்பிளைகள் இப்போது ஒன்றும் கதைக்காமல் பையை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றாள். அமைச்சர் யாராவது ஒரு நாள் வந்து மருந்துக்கடையில் தனக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்றாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். உயர்த்திய கையை எங்கேயாவது வைக்கத்தானே வேண்டும்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் தொப்பிக்காரன் வந்தான். வயது எழுபது இருக்கும். பால்பண்ணையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்திருந்தவன். மனைவி இறந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்தாலொழியத் தலையிலிருந்து தொப்பியைக் கழற்ற மாட்டான். என் கையைக் குலுக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பி, தேர்தலில் நிற்க யோசித்ததுண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவள் சிரித்தாள். நானும் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் குசினியில் நின்றபடி கேட்டாள்.

“இஞ்சேருங்கோ, நான் நிண்டா என்ன?”

“நீர் என்னத்துக்கு? அரசியல் உமக்குத் தெரியுமே?”

“உங்களுக்குத் தெரியும்தானே. சொல்லித் தாங்கோ.”

அந்த வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அங்கேதான் பிசகு நடந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அவள் உண்மையிலேயே நிற்பாள், நின்றாலும் ஊர் அவளை ஏறெடுத்துப் பார்க்கும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தொகுதியில் பெரிய கட்சிக்காரர் ஒருவர் தேர்தலுக்குத் தேர்தல் வென்றுகொண்டிருந்தார். ஆனால் கிழமைகள் போகப் போக எங்கள் சாப்பாட்டு மேசை காணாமல் போய்விட்டது. அதன்மேல் துண்டுப்பிரசுரங்கள், வரைபடங்கள், ரீசேட்டுகள். நான் வழக்கமாக இருக்கும் கதிரையில், அவளுடைய தேர்தல் வேலையைப் பொறுப்பெடுத்துவிட்ட தொப்பிக்காரன். வாசலில் சேறு பிடித்த அவன் பூட்ஸ். முதல் கிழமை அவனுக்குச் சண்விச் செய்துகொடுத்தவள், மூன்றாம் கிழமை புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். அவன் கையால் குழைத்து வாயில் போட்டு, இவ்வளவு காலமும் எனக்கு ஏன் ஒருவரும் இதைத் தரவில்லை என்று கேட்டான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே புட்டை நான் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறேன். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவதால் அதற்கு மதிப்பில்லை போலிருக்கிறது.

எழுபது வயதுக் கிழவனிடம் என்ன பொறாமை என்று கேட்கலாம். நீங்கள் நினைக்கிற பொறாமை இல்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அவன் முடிக்க விடுவான். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். நான் நடுவில் ஏதாவது திருத்தினால் இருவரும் ஒன்றாகத் திரும்பி மரியாதையாக என்னைப் பார்ப்பார்கள். நான் நிறுத்தியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது பக்கத்து ஊர்க் கூட்டத்தில். நான் பின்வரிசையில் இருந்தேன். அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: ஒரு கொதிகலனைத் திடீரென்று ஆறவிட்டால் உலோகம் வெடிப்பு விடும். மெல்ல மெல்ல, மணித்தியாலக் கணக்கில், பக்கத்தில் ஆள் நின்று பார்த்துப் பார்த்துத்தான் ஆறவிட வேண்டும். ஊரும் அப்படித்தான் என்றாள்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அதைத் தலைப்பாகவே போட்டார்கள். அது என்னுடைய கதை! எத்தனையோ இரவுச் சாப்பாட்டில் நான் அவளுக்குச் சொன்னது. சொல்லும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு ‘ம்’ கொட்டுவாள். கேட்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். அவ்வளவையும் கேட்டு, உள்ளே பத்திரப்படுத்தி, கடைசியில் மேடையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ‘ஊரும் அப்படித்தான்’ என்ற இரண்டு சொல் மட்டும் அவளுடையது. அந்த இரண்டு சொல்லுக்குத்தான் சனம் கைதட்டியது என்பது எனக்குத் தெரியும். அது வேறு எரிச்சல்.

கிளேட்டனில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குத் தொலைபேசி எடுத்து முறையிட்டேன்.

“அம்மா என்ர கதையை எடுத்துச் சொல்லிப்போட்டா. என்ர பேரைக்கூடச் சொல்லேல்ல.”

“அப்பா, யூ ஆர் ஜஸ்ட் ஜெலஸ்,” என்றாள் மகள். “இட்ஸ் கைண்ட் ஒஃப் கியூட்.”

அதன் பிறகு நான் அவளிடமும் முறையிடவில்லை.

என் மனதுக்குள் இருந்த கணக்கை இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் வென்றால், வாரத்தில் பாதி மெல்பேர்ண் பாராளுமன்றத்தில். மீதிப் பாதியை இந்தத் தொகுதிச் சனம் எடுத்துக்கொள்ளும். அதே நேரத்தில் எனக்கு வேலை போயிருக்கும். நான் வெற்றுக் குசினியில் இருந்து அவளை ரீவியில் பார்க்க வேண்டியதுதான். அவள் தோற்றால் கொஞ்சநாள் அழுவாள். நான் பக்கத்தில் இருந்து தேற்றுவேன். மேசை திரும்ப மேசையாகும், கதிரை திரும்ப என் கதிரையாகும், என் மனைவி திரும்ப எனக்குக் கிடைப்பாள். வெல்லவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய் சொல்லவில்லை. துண்டுப்பிரசுரம் போட்டு என் கால் வீங்கியது உண்மை. தோற்கட்டும் என்று உள்ளே ஒருவன் இருந்ததும் உண்மை.

தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் நகர மண்டபத்தில் எல்லா வேட்பாளர்களையும் ஒரே மேடையில் இருத்திக் கேள்வி கேட்கும் கூட்டம் வைத்தார்கள். நான்கு பேர். பதவியில் இருந்த பெரிய கட்சிக்காரர், இன்னொரு கட்சி இளைஞர், மூடிய மரஆலையில் வேலை செய்த ஒருவர், என் மனைவி. தொப்பிக்காரனின் ஆட்கள் மண்டபத்தை நிரப்புவார்கள் என்று தெரியும். என் பக்கத்து ஆட்கள் என்று ஒருவராவது வேண்டாமா? மெல்பேர்ண் புறநகரான கிரான்பர்னில் இருந்த தமிழ்ச் சங்கத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து பழக்கம். விழா என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் வேண்டாம்.

“தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்,” என்றார். “எங்கட பிள்ளை ஒண்டு எலெக்சன் கேக்குது. நாங்கள் பஸ் பிடிச்சு வாறம்.”

“அண்ணை, அவைக்கு இஞ்ச வோட்டு இல்லை. சும்மா வந்து இருந்து கைதட்டினாக் காணும்.”

“கைதட்டுறது மட்டுமோ? பொன்னாடை போர்த்தாமல் விட்டாச் சனம் எங்களை என்ன சொல்லும்?”

மனைவியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தொப்பிக்காரனிடம் கேட்பாள், அவன் வேண்டாம் என்பான். இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வேட்பாளருக்கு இருக்கக்கூடிய ஆகப் பெரிய கெட்டபெயர், நகரத்து ஆட்கள் இவருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்பதுதான். மின்நிலையத்தை மூடச் சொல்வது நகரம், அந்த மின்சாரத்தில் குளிரூட்டி போட்டுக்கொண்டு இருப்பதும் நகரம் என்பது இங்கத்தைய கோபம். எனக்கும் அது தெரியும். ஆனால் எங்கள் சனத்தை நகரத்து ஆட்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எந்த விழாவுக்கும் பிந்தி வருகிறவர்கள் அன்றைக்கென்று நேரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸிலிருந்து பட்டுச்சேலைகளும் வேட்டிகளும் இறங்கின. தின்பதற்குச் சுட்டுக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டிகள் இறங்கின. எல்லோரும் போய் முன்வரிசைகளில் இருந்தார்கள். மின்நிலையத்துச் சீருடையோடு வேலை முடிந்து வந்த உள்ளூர்க்காரர்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். மேடையில் இருந்த என் மனைவி முன்வரிசையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கை அசைத்தேன்.

கூட்டத்தை நடத்தும் அம்மா தொடங்குவதற்கு முன்னால் தலைவர் எழும்பி, சிறியதொரு மரியாதை செய்ய அனுமதி வேண்டும் என்று கேட்டார். அவ அது என்னவென்று விளங்காமல் தலையசைத்துவிட்டா. தலைவர் என்னைக் கூப்பிட்டார். தட்டத்தை என் கையில் தந்தார். அதில் சந்தனம், குங்குமம், மடித்த பொன்னாடைகள். மேடையேறினோம். பல மாதங்களுக்குப் பிறகு சனம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகவே இருந்தது.

நான் மனைவியின் பக்கம் நடக்கத் தொடங்கினேன். தலைவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்திக் காதுக்குள் சொன்னார்.

“எங்க போறீர்? முதல் அவருக்கு.”

“எவருக்கு?”

“பதவியில இருக்கிறவருக்கு. மேடையில நாலு பேர் இருக்க ஒராளுக்கு மட்டும் போடுறது சபை நாகரிகமே? எல்லாருக்கும் போடுவம். நம்மட ஆளுக்குக் கடைசி.”

எங்கள் விழாக்களில் அதுதான் வழக்கம். பிரதம விருந்தினர் முதலில், பிறகு மற்றவர்கள், வீட்டு ஆட்கள் கடைசி. பிறந்ததிலிருந்து பார்த்த ஒழுங்கு. அந்த நேரத்தில் எனக்கும் அது சரியாகவே பட்டது. தட்டத்தை நீட்டினேன். பெரிய கட்சிக்காரர் பழகியவர். நகரத்துக் கோயில் திருவிழா எதிலோ ஏற்கெனவே பொன்னாடை வாங்கியிருப்பார். எழும்பி, கைகூப்பி, ‘வணக்கம்’ என்று தமிழில் சொல்லி, தலையைக் குனிந்து கொடுத்தார். முன்வரிசை முழுக்கக் கைதட்டியது. எங்கள் சனமல்லவா, பொன்னாடை யாருக்கு விழுந்தாலும் கை தானாகத் தட்டும். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அடுத்தது கட்சி இளைஞருக்கு. அடுத்தது மரஆலைக்காரருக்கு. அவர் கூச்சத்தில் சிவந்துபோனார்.

என் மனைவிக்கு முன்னால் வந்து நின்றபோது தட்டத்தில் பொன்னாடை இல்லை. கொண்டுவந்தது அவ்வளவுதான். தலைவர் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவள் நெற்றியில் சந்தனத்தைத் தொட்டு வைத்தார்.

“நீ எங்கட பிள்ளைதானே அம்மா. விளங்கிக்கொள்ளுவாய்.”

“ஓம் அங்கிள்,” என்றாள் அவள். அவள் கண் என்மேல் இருந்தது.

படம் அந்தக் கிழமையே வெளியானது. நடுவில் பெரிய கட்சிக்காரர், தோளில் சரிகைப் பொன்னாடை, வாயெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் தட்டத்தோடு நான், அவரைவிடப் பெரிய சிரிப்பு. பின்னால் கொஞ்சம் மங்கலாக என் மனைவி. பெரிய கட்சிக்காரரின் ஆட்கள் சும்மா விடுவார்களா? அதைத் துண்டுப்பிரசுரமாக அடித்து வீடுவீடாகப் போட்டார்கள். சுயேச்சை வேட்பாளரின் கணவரே யாரோடு நிற்கிறார் பாருங்கள் என்று நேரடியாக எழுதவில்லை. தேவையும் இல்லை, ஊருக்கு என்னைத் தெரியும். எங்கள் வீட்டுக் கடிதப்பெட்டியிலும் ஒன்று கிடந்தது.

தொப்பிக்காரன் அதைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தான். என் முதுகில் தட்டி, படத்தில் நன்றாக இருக்கிறாய் என்றான். இரண்டு நாள் எல்லோரும் பார்த்துச் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள், கவலைப்படாதே என்றான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

மனைவி, கூட்டம் முடிந்த அன்றிரவு வீட்டுக்கு வரும் வழியில் ஒரேயொரு வசனம்தான் சொன்னாள்.

“உங்களுக்கு ஒரு மேடை வேணுமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாம்.”

“நான் உமக்காகத்தான் கூப்பிட்டனான்,” என்றேன்.

சந்தனம் காய்ந்து அவள் நெற்றியில் உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக்கூடத் துடைக்காமல் வந்தாள்.

தேர்தல் நாளன்று என் நெஞ்சில் அவள் பெயர் எழுதிய ரீசேட். பள்ளிக்கூட வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வாக்களிக்கும் முறை அச்சடித்த அட்டையை நீட்டினேன். இங்கே ஒருவருக்கு மட்டும் அடையாளம் போட்டுவிட்டு வரமுடியாது. எல்லாப் பெட்டிக்கும் வரிசையாக இலக்கம் போட வேண்டும்: ஆகப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, இப்படியே கடைசிவரை. முதல் எண்ணிக்கையில் ஒருவருக்கும் பாதிக்குமேல் வராவிட்டால், கடைசியில் நிற்பவரின் சீட்டுகளை எடுத்து, அவற்றில் இரண்டாவதாக யாருக்குப் போட்டிருக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் அட்டையை வாங்கிக்கொண்டு கண்ணடித்தார்கள். ‘பொன்னாடை எங்கே?’ என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் வாசலில் வாட்டிய சொசேஜ் பாணைக் கடித்தபடி, ‘ஓ, நீ அவளுடைய கணவன்’ என்றார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்து, நீ எவ்வளவு அதிர்ஷ்டக்காரன் தெரியுமா என்றாள். தெரியும் என்றேன்.

அன்றைக்கு முடிவு வரவில்லை. பெரிய கட்சிக்காரர் முன்னால், என் மனைவி நெருக்கமாகப் பின்னால். தபால் வாக்குகள் வரவேண்டும், மற்ற இருவரின் சீட்டுகளைப் பிரிக்கவேண்டும். அந்த இடைப்பட்ட நாட்களில் வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. அவள் சாப்பிடாமல் திரிந்தாள். கிரான்பர்ன் தலைவர்கூடத் தினமும் எடுத்து நிலவரம் கேட்டார். படத்தைப்பற்றி ஒரு சொல் இல்லை. அவரைப் பொறுத்தவரை விழா நன்றாக நடந்தது.

கடைசி எண்ணிக்கை உள்ளரங்குக் கூடைப்பந்து மைதானம் ஒன்றில், ஒரு கிழமைநாள் பிற்பகலில். வேட்பாளரின் சார்பில் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் விடலாம். சீட்டைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். அவள் தொப்பிக்காரனை விட்டுவிட்டு என்னை அனுப்பினாள். அது எனக்குப் பெரிய சந்தோஷம். மரஆலைக்காரரின் சீட்டுக்கட்டை மேசையில் பிரித்தபோது நான் இமைகொட்டாமல் நின்றேன். அவளுக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு, அவருக்கு, அவளுக்கு, அவருக்கு, அவருக்கு. பென்சிலால் எழுதிய இலக்கங்கள். யாரென்று தெரியாத எத்தனையோ பேர் என் மனைவியை யோசித்துப் பார்த்து ஒரு இடம் கொடுத்திருந்தார்கள். அவளிடம் இப்படி ஒரு சீட்டைக் கொடுத்தால் எனக்கு எந்த இலக்கம் போடுவாள் என்று அந்த நேரத்திலும் எனக்கு யோசனை ஓடியது. அதுதான் என் புத்தி.

மற்றவர்கள் கயிறு கட்டியிருந்த இடத்துக்கு அப்பால் நின்றார்கள். என் மனைவியும் அங்கேதான், பக்கத்தில் தொப்பிக்காரன். அவளுக்கும் எனக்கும் நடுவில் பாதி மைதானம். அலுவலர் பெண் கட்டுகளைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு எழும்பி, பெரிய குரல் எடுக்காமல், பெரிய கட்சிக்காரரின் பெயரைச் சொன்னாள்.

கொஞ்சத்தில்தான் போனது. அந்தப் பக்கத்து ஆட்கள் கத்தினார்கள். எனக்கு நெஞ்சுக்குள் மாதக்கணக்கில் இறுகிக்கிடந்த ஒன்று தளர்ந்தது. முடிந்தது, இனி வீட்டுக்குப் போகலாம் என்று மனம் சொன்னது. இப்போது அவள் அழுவாள், நான் பிடித்துக்கொள்வேன். அவளை நோக்கி வேகமாக நடந்தேன். ஆட்கள் குறுக்கே வந்தார்கள். விலக்கிக்கொண்டு நான் போய்ச் சேருவதற்குள் அவள் திரும்பிவிட்டாள். தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். அவள் அவனுடைய பழைய கம்பளி மேற்சட்டையில் முகத்தைப் புதைத்து, தோள் குலுங்க, சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அப்பா போனபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவன் அவசரமே இல்லாமல் நின்றான்.

நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரிய கட்சிக்காரருக்குக் கைகொடுத்தாள், தனக்கு வேலை செய்தவர்களை ஒவ்வொருவராக அணைத்தாள், பிறகு வந்து காரில் ஏறினாள். முகம் காய்ந்திருந்தது. இனி என்னிடம் அழுவாள் என்று நான் காரைக் கிளப்பாமலே இருந்தேன்.

“போவம்,” என்றாள்.

“மனசுக்குள்ள வச்சிருக்காதையும். அழும், பரவாயில்லை. நான் இருக்கிறன்தானே.”

“அழுதிட்டன்.”

“அது சரி. ஆனா அந்தாளிட்டப் போய்...” எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. “நான் வந்துகொண்டிருந்தனான். ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாமே. உம்மட மனுசன் அங்க நிக்கேக்க ஊருக்கு முன்னால...”

அவள் இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். களைத்த குரலில், மருந்துக்கடையில் ஒருவருக்குக் குளிசையை எப்போது போடவேண்டும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

“அந்தப் பொம்பிளை அவற்ற பேரைச் சொன்ன உடன நான் முதல் உங்களைத்தான் பாத்தனான். அவ்வளவு சனத்துக்குள்ளயும் உங்களைத்தான் தேடிப் பாத்தனான். உங்கட முகம் லைட் போட்ட மாதிரி வெளிச்சுப்போய்க் கிடந்தது. அதுக்குப் பிறகு நான் ஆரிட்டப் போறது?”

நான் சிரிக்கவில்லை என்றேன். நான் சிரிக்கவில்லை என்று இன்னொரு தரம் சொன்னேன். அவள் யன்னல் பக்கம் திரும்பி, கெதியாய்ப் போனால் பால் வாங்கலாம், கடை பூட்டப்போகிறது என்றாள்.